இருபத்தைந்து கட்டங்களில் ஒரு வருடக் கதைப் படிப்பு



கோயில், இசை, மருத்துவம் என்று பெரியவர்கள் எழுதும் இந்தப் பக்கங்களில், முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் தண்டவாளத்தோடு குடும்பம் நடத்திய ஒரு டிப்ளமாக்காரன் நாவல்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். இலக்கிய விமரிசனம் செய்யும் தகுதி எனக்கு இல்லை, செய்யப்போவதும் இல்லை. கட்டம் போட்ட ஓர் அட்டையைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, சென்ற சித்திரை முதல் பங்குனி வரை 24 கதைப் புத்தகங்களைப் படித்து முடித்தேன். அது எப்படி நடந்தது, அதனால் திருப்பதியில் உள்ள ஒரு தமிழ் வீட்டில் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்கிறேன். நம் சங்கத்துக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது என்று நினைப்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஹவுசியும் புத்தகமும்

ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஞாயிறு மாலை ஹவுசி ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தம்போலா என்றும் அதைச் சொல்வார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. அதில் 3 வரிசை, 9 பத்தி. ஆக 27 கட்டங்கள். அவற்றில் 15 கட்டங்களில் மட்டும் எண் இருக்கும். மேடையில் ஒருவர் 1 முதல் 90 வரை குலுக்கி எடுத்து எண்ணைக் கூவுவார். நம் சீட்டில் அந்த எண் இருந்தால் அடித்துக்கொள்ள வேண்டும். முதல் ஐந்து எண்ணுக்கு 'ஜல்தி ஃபைவ்', ஒரு வரிசைக்கு ஒரு பரிசு, எல்லாம் முடித்தால் 'ஃபுல் ஹவுஸ்'. சம்பளம் வந்த வாரத்தில் ஹாலில் இடம் கிடைக்காது!

இந்த ஆட்டத்துக்கு அமெரிக்காவில் ஒரு பங்காளி உண்டு. பெயர் பிங்கோ. அதில் ஐந்துக்கு ஐந்து, 25 கட்டங்கள். நடுக்கட்டம் இலவசம். சியாட்டில் நகரப் பொது நூலகமும், 'சியாட்டில் ஆர்ட்ஸ் அண்ட் லெக்சர்ஸ்' என்ற அங்குள்ள இலக்கிய அமைப்பும் சேர்ந்து, எண்ணுக்குப் பதிலாகப் புத்தகத்தை வைத்து இதை ஆடச் சொல்கிறார்கள். கோடைக்காலத்தில் ஓர் அட்டை தருவார்கள். கட்டத்துக்குள் எண் இருக்காது. ஒரு நிபந்தனை இருக்கும். 'மொழிபெயர்ப்பு நூல்', 'சிறுகதைத் தொகுப்பு', 'நூலகர் சொன்ன நூல்' என்பது போல. அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் ஒரு புத்தகத்தைப் படித்தால் கட்டம் நிரம்பியது. ஒரு வரிசை நிரம்பினால் பிங்கோ.

சியாட்டில் பக்கம் வேலையில் இருக்கும் என் மகள் இந்த அட்டையின் படத்தைப் போனில் அனுப்பி, "அப்பா, ரிட்டயர் ஆகிச் சும்மாதானே இருக்கீங்க, உங்களுக்கு ஆகும்" என்றாள். ஓய்வு பெற்றவனைப் பார்த்து 'சும்மா இருக்கிறாய்' என்று சொன்னால் யாருக்குத்தான் ரோஷம் வராது? அன்றே ஒரு சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்.

கணக்கு முதலில்

கட்டத்தைப் போட்டதும் கணக்குப் பார்க்கத் தோன்றுவது தொழில் வாசனை. 25 கட்டத்தில் 5 படுக்கை வரிசை, 5 நெட்டு வரிசை, 2 மூலைவிட்டம். ஆக 12 வழிகளில் பிங்கோ அடிக்கலாம். நடுக்கட்டம் இலவசம் என்பதால் அதன் வழியாகச் செல்லும் 4 கோடுகளுக்கு நான்கு புத்தகமே போதும். நான்கு புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வதில் என்ன பெருமை? ஃபுல் ஹவுஸ்தான் என்று முடிவு செய்தேன்.

நடுக்கட்டத்தைப் 'பொன்னியின் செல்வ'னுக்குக் கொடுத்தேன். நம்மில் பலரும் ஏற்கெனவே படித்த நூல். ஐந்து பாகத்தை மறுபடி எடுத்தால் வருடம் அதிலேயே போய்விடும். மீதி 24. சராசரி 300 பக்கம் என்று வைத்தால் 7,200 பக்கம். நாளொன்றுக்கு 20 பக்கம் படித்தால் 365 நாளில் 7,300. நூறு பக்கம் கையிருப்பு! ரயில் பாதையில் கீமேன் தினமும் தன் பகுதியை நடந்து பார்க்கிறார் அல்லவா? ஒரே நாளில் ஓடி முடிக்கிற வேலை அல்ல அது. ஒரு நாளும் விடாமல் நடக்கிற வேலை. படிப்பும் அப்படித்தான்.

விதிகள் மூன்று வைத்தேன். ஓர் ஆசிரியருக்கு ஒரு கட்டம்தான். 50 பக்கம் வரை பிடிக்காவிட்டால் புத்தகத்தை மாற்றலாம்; கட்டத்தை மாற்றக்கூடாது. மூன்றாவது விதியை என் மனைவி போட்டாள். அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சில கட்டங்கள், சில கதைகள்

'ரயில் ஓடும் கதை' என்ற கட்டத்தை எனக்காகவே போட்டுக்கொண்டேன். அதற்கு அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' அமைந்தது. 1977-இல் வந்த நாவல். சிகந்தராபாத்தில் லான்சர் பாரக்ஸ் என்ற ரயில்வே குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். மாடு, கிரிக்கெட், கல்லூரி என்று போகிறது அவன் உலகம். சுற்றிலும் நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்கள். ரஜாக்கர்கள், வதந்திகள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் வந்தது எல்லாம் அந்தப் பையனின் கண் வழியாகவே வருகின்றன. ஆசிரியர் 1931-இல் சிகந்தராபாத்தில் பிறந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பல மொழிக்காரர்கள் ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு வாழ்வதும், வெளியே காற்று மாறியதும் அந்தச் சுவர் திடீரென்று உயரமாகிவிடுவதும் நமக்குத் தெரியாத விஷயமா? கடைசிப் பக்கங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். படியுங்கள்.

தலைப்பையும் சரிபார்த்தேன். சிகந்தராபாத் ஏறத்தாழ 17 பாகை 27 கலையில் இருக்கிறது. 17-ஐத் தாண்டி 18-ஐ எட்டாத இடம் என்பதால் என் கணக்கில் அது பதினெட்டாவது பாகைதான். அந்தக் கணக்கில் நம் சித்தூரும் திருப்பதியும் பதினான்காவது!

'ஊர் விட்டு ஊர் வந்தவர் கதை' என்ற கட்டத்துக்குக் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976-இல் வெளிவந்தது. ஒரு ராஜாவின் கண் சென்னாதேவி என்ற பெண்மேல் பட்டதும், தெலுங்கு பேசும் ஒரு பெருங்குடும்பம் இரவோடிரவாக ஊரை விட்டுக் கிளம்பித் தெற்கே நடக்கிறது. கரிசல் காட்டைத் திருத்தி ஒரு கிராமத்தை உண்டாக்குகிறது. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் வாயால் அந்தப் பயணத்தைக் கேட்கிறோம். தெலுங்கை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தமிழ் மண்ணில் வேர் விட்டவர்களின் கதை அது. தமிழை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆந்திர மண்ணில் இருக்கும் நாம் அதைப் படிக்கும்போது, கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிகிற நம் முகத்தையே பார்ப்பது போல இருக்கிறது. இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆசிரியர் 2021-இல் புதுச்சேரியில் காலமானார்.

'பெண் எழுதியது' என்ற கட்டத்தில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. கணவர் மின்துறைப் பொறியாளர் என்பதால் பல ஊர்களைப் பார்த்தவர் இவர். வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்யாமல், எழுத நினைத்த இடத்துக்கே போய் மக்களோடு பழகி எழுதுவது அவர் வழக்கம். இந்த நாவலுக்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார். உப்பு நீர் காலை அரிப்பதும், வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணைக் கூசச் செய்வதும், பொன்னாச்சி என்ற பெண் அங்கே வேலைக்கு வந்து படும் பாடும் இதில் இருக்கின்றன. வெயிலில் கேங்மேன்களோடு நின்றவனுக்கு அந்தச் சூடு புதிதல்ல. ஆனால் வீட்டில் ஊறுகாய்க்கு உப்பு அளக்கும்போது அதை நினைக்க வைத்தது இந்த நாவல்தான்.

'ஆசிரியரின் முதல் நாவல்' என்ற கட்டம் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலுக்குப் போயிற்று. 1994-இல் வந்தது. ஊருக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. ஊரார் போடும் சோற்றை வாங்கிக்கொண்டு அந்த ஊருக்கே உழைத்துத் தேயும் குடும்பம். 'சின்னப் புத்தகமாயிற்றே, மூன்று நாளில் முடிந்துவிடும்' என்று எடுத்தேன். பத்து நாள் ஆயிற்று. சில பக்கங்களை ஒரே மூச்சில் படிக்க நெஞ்சு இடம் தரவில்லை.

'தடிமனான புத்தகம்' என்பதற்குப் பூமணியின் 'அஞ்ஞாடி'. ஆயிரம் பக்கத்துக்கு மேல். 2014-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பல தலைமுறைகள் நீளும் கதையில் 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் வருகின்றன. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். தலையணைமேல் வைத்துத்தான் படித்தேன். கையிருப்பாக வைத்திருந்த நூறு பக்கமும் இதிலேயே கரைந்தது.

'கடல் கடந்த கதை' ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க்காலத்து மெடான், பினாங்கு, ஜப்பானியர் ஆதிக்கம், இந்திய தேசிய ராணுவம், பாண்டியன் என்ற இளைஞன். வியாபாரத்துக்குப் போன தமிழர்கள் அங்கே பேசும் பேச்சில் மலாய்ச் சொல் கலந்து கிடக்கும். நாம் பேசும் தமிழில் தெலுங்கு கலப்பதைக் கேலி செய்யும் சென்னை உறவினர்களுக்கு இந்த நாவலைப் பரிந்துரைக்கிறேன். போன இடத்துச் சொல் நாவில் ஒட்டாமல் யாராலும் பிழைக்க முடிந்ததில்லை.

'வேறு மொழியிலிருந்து வந்தது' என்ற கட்டத்தில் வங்காளத்துத் தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா. குமாரஸ்வாமியின் தமிழில். நாடி பிடித்தே ஒருவருடைய முடிவு நாளைச் சொல்லிவிடும் வயதான வைத்தியர் ஜீவன் மஷாயும், புதிய மருத்துவம் படித்து ஊருக்கு வரும் இளம் டாக்டரும் எதிரெதிரே நிற்கிறார்கள். அறுபதைக் கடந்தவர்கள் படிக்கத் தகுந்தது. மீட்டர் கேஜில் வேலை கற்று, அகலப்பாதையும் கணிப்பொறியும் வந்ததைப் பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, இரண்டு பக்கத்து நியாயமும் புரிந்தது.

அண்டை வீட்டு வரிசை

இனி என் மனைவி போட்ட விதிக்கு வருகிறேன்.

நான் வேலூரில் பாலிடெக்னிக் படித்தவன். தமிழ் எழுத்து கூடவே வந்தது. தெலுங்கு எழுத்தை, வேலைக்கு வந்த பிறகு, மூன்று மொழியில் எழுதிய ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளைப் பார்த்துத்தான் கற்றேன். பாகாலா, சந்திரகிரி, ரேணிகுண்டா என்று எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஒரு நாவலைப் படிக்கும் வேகம் வராது. என் மனைவி சித்தூருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழில் பேசுவாள், தமிழில் சண்டை போடுவாள், பால் கணக்கைத் தெலுங்கில் எழுதுவாள். தமிழ் படிக்க வராது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய விசேஷம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். வடஆற்காடு மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் சித்தூர்தான் தலைநகர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்குப் போயிற்று. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் நகர்ந்துகொண்டே இருந்தன. மக்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். ஆகவே பேச்சு ஒரு மொழி, எழுத்து ஒரு மொழி என்ற குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய.

அட்டையை மாட்டிய அன்று அவள் கேட்டாள்: "ஏங்க, இருபத்திநாலு கதை நீங்க படிச்சா எனக்கு என்னங்க? அட்டை மட்டும் என் சமையல்கட்டுச் சுவத்துல தொங்கணுமா?" நியாயமான கேள்வி! அதனால் பிறந்தது மூன்றாவது விதி: ஒரு வரிசையின் ஐந்து கட்டங்களும் உரக்கப் படித்தவையாக இருக்க வேண்டும். இரண்டை நான் தமிழில் படித்துக் காட்டுவது. இரண்டை அவள் தெலுங்கில் எனக்குப் படித்துக் காட்டுவது. ஐந்தாவது, நம் மாவட்டத்துத் தெலுங்குக் கதை தமிழில் வந்தது. நேரம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி. டி.வி. கிடையாது.

நான் முதலில் எடுத்தது மு.வ.வின் 'அகல் விளக்கு'. 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். சந்திரன், வேலய்யன் என்ற இரண்டு நண்பர்கள். ஒருவன் அழகன், புத்திசாலி. காற்றில் ஆடும் சுடர் போன்றவன். மற்றவன் நிதானமாக எரியும் அகல். வாலாசாப்பேட்டைப் பக்கத்து வாழ்க்கை வருவதால் எங்களுக்குப் பழகிய மண். மு.வ.வின் வாக்கியங்கள் சிறியவை, நேரானவை. உரக்கப் படிக்க மூச்சு வாங்காது. 'உபதேசம் அதிகம்' என்று சிலர் சொல்வார்கள். என் மனைவி சந்திரனைப் பற்றி மறுநாள் காலை இட்லிக்கு மாவு ஊற்றும்போதும் கவலைப்பட்டாள். அதைவிட ஓர் ஆசிரியருக்கு என்ன வேண்டும்?

அவள் முறை வந்தபோது நாமினி சுப்பிரமணியம் நாயுடுவின் கதைகளை எடுத்தாள். திருப்பதிப் பக்கத்து மிட்டூர்க்காரர். சித்தூர்ச் சீமைக் குடியானவர் பேச்சையே எழுத்தாக்கியவர். அம்மா, அப்பா, வயல், மாடு, வறுமை, அதற்கு நடுவே வயிறு குலுங்கும் சிரிப்பு. புத்தகத் தெலுங்கு எனக்குப் பாதிதான் புரியும். இது முழுதும் புரிந்தது! நாற்பது வருடமாக லெவல் கிராஸிங்கிலும் மார்க்கெட்டிலும் கேட்ட பேச்சுத்தானே? ஓரிடத்தில் அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அழுகையாக மாறி, படிப்பை நிறுத்தவேண்டியதாயிற்று.

அடுத்தது மதுராந்தகம் ராஜாராமின் சிறுகதைகள். பாகாலா அருகே தாமலசெருவில், மாம்பழச் சந்தைக்குப் பேர்போன ஊரில், வாழ்ந்த பள்ளி ஆசிரியர். 1993-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். குரலை உயர்த்தாமல் சாதாரண மனிதர்களைப் பற்றிச் சொல்லும் கதைகள். நாம் ரயிலில் கடந்துபோன ஊரிலிருந்து இப்படி ஒரு மனிதர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

தமிழில் வந்தது கேசவ ரெட்டியின் 'அவன் காட்டை வென்றான்'. ஏ.ஜி. எத்திராஜுலு மொழிபெயர்ப்பு. சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, நிஜாமாபாத் பக்கம் தொழுநோய் மருத்துவராகப் பணி செய்தவர், 2015-இல் காலமானார். பன்றி மேய்க்கும் ஒரு கிழவர், காணாமற்போன தாய்ப்பன்றியைத் தேடி அந்தி நேரத்தில் காட்டுக்குள் போகிறார். அங்கே பன்றி குட்டி போட்டிருக்கிறது; நரிகள் காத்திருக்கின்றன; இரவு முழுதும் மிச்சம் இருக்கிறது. அவ்வளவுதான் கதை. ஹெமிங்வேயின் கிழவனையும் கடலையும் இதோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். இதை நாங்கள் தொடர்ந்து நான்கு இரவு படித்தோம்.

நான்காவது இரவு கேட்கிறவர்கள் நான்கு பேராகிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் தயிருக்கு உறை வாங்க வந்தவர், வாசற்படியிலேயே நின்று கேட்டார். மறுநாள் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு வந்தார். இருவரும் தமிழ் பேசுகிறவர்கள். தமிழ் எழுத்து தெரியாதவர்கள். ஐந்தாவது கட்டத்துக்கு நான் எடுத்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அரசாளும் பகுதிக்கு அவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலுக்கு இன்றும் திருப்பதியில் புதிய ரசிகர்கள்! அப்போது என் மனைவி, தெலுங்கின் முதல் நாவல் என்று பள்ளியில் படித்த கந்துகூரி வீரேசலிங்கத்தின் 'ராஜசேகர சரித்திர'த்தை நினைவுபடுத்தினாள். அது வெளிவரத் தொடங்கியது 1878. இரண்டு மொழிக்கும் நாவல் பிறந்தது அடுத்தடுத்த வருடத்தில். அடுத்தடுத்த வீட்டுக் குழந்தைகள் போல.

எது கையை விட்டுப் போகிறது?

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். என் பேத்தி பெங்களூரில் வளர்கிறாள். வயது பத்து. தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கத் தெரிந்தவை ஆங்கிலம், கன்னடம், கொஞ்சம் இந்தி. நான் போனால் என் அலமாரியில் உள்ள தமிழ்ப் புத்தகங்கள் அவளுக்கு வெறும் காகிதம். பாட்டியின் தெலுங்குப் புத்தகங்களும் அப்படியே. நம் சங்கத்தில் உள்ள பாதிப் பேர் வீட்டில் இதே நிலைதான்.

'எழுத்தைக் கற்றுக்கொடுங்கள்' என்று மேடையில் சொல்வது எளிது. கற்றுக்கொடுக்க வேண்டியதுதான். ஆனால் படிக்க ஆசைப்பட ஒரு கதை வேண்டாமா? 'அகல் விளக்கை' நான் படித்ததைப் போனில் பதிவு செய்து, பத்துப் பத்து நிமிடமாக அவளுக்கு அனுப்பினேன். முதல் இரண்டுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதற்கு, "தாத்தா, அப்புறம் என்ன ஆச்சு?" என்று வந்தது. விடுமுறையில் வந்தபோது அட்டையில் நிரம்பிய கட்டங்களுக்கு வண்ணம் பூசினாள். தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொண்டு ஒரு மூலையில் எழுதினாள். உயிரெழுத்து பன்னிரண்டும் இப்போது தெரியும். நாவல் படிப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த எழுத்துகளுக்குப் பின்னால் கதை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நாவல் என்றால் தனியாக உட்கார்ந்து மனத்துக்குள் படிப்பது என்று பழகியிருக்கிறோம். எல்லைப்புறத்தில் இருக்கும் நமக்கு அது போதாது. எழுத்து தெரிந்தவர் ஒருவர், செவி கொடுப்பவர் நால்வர் என்று கூடினால்தான் இங்கே தமிழ்க் கதை அடுத்த வீட்டுக்குப் போகும், அடுத்த தலைமுறைக்கும் போகும். பாரதமும் இராமாயணமும் நம் பாட்டிகளுக்கு அப்படித்தான் வந்தன.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே என் தாழ்மையான யோசனை இது. வரும் சித்திரையில் சங்கத்தின் பெயரால் 25 கட்டத்தில் ஓர் அட்டை அச்சடிப்போம். செலவு அதிகம் ஆகாது. கட்டங்களை உறுப்பினர்களே சொல்லட்டும். நான் ஐந்து சொல்கிறேன்: உரக்கப் படித்துக் காட்டிய கதை; தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் தேர்ந்தெடுத்த கதை; சித்தூர், திருப்பதி மாவட்டத்து ஆசிரியரின் கதை; நம்மைவிட முப்பது வயது இளையவர் சிபாரிசு செய்த கதை; நாம் பிறப்பதற்கு முன் எழுதிய கதை. கோடு எந்தப் பக்கம் போனாலும் உரக்கப் படித்த கட்டம் ஒன்றாவது அதில் இருந்தால்தான் பிங்கோ என்று விதி வைப்போம்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். காட்பாடி ரயிலைப் பிடித்தால் வேலூர் பக்கம்தான், சென்னையும் தொலைவில்லை. அதற்கும் முன்பு நம் உறுப்பினர்களின் பரண்களைத் தேடிப்பாருங்கள். என் 24 புத்தகத்தில் ஒன்பது, நண்பர்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியவை.

என் பழைய அட்டையில் ஒரு கட்டத்தில் 'பேய்க்கதை' என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் இரவில் உரக்கப் படிக்கக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. பகலில் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து படித்து முடித்தேன். வரும் ஆண்டின் அட்டையிலும் அந்தக் கட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதைச் சங்கத்தின் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும்.